எந்தச் சாமிக்கும் போடாத மொட்டை

ஆக. 25, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கழுத்தெல்லாம் வேர்வை. தலைக்கு மட்டும் நல்ல காற்று.

நேற்று சாயங்காலம் இவர் தாடிக்கு வைத்திருக்கும் டிரிம்மரால் என் தலையில் மிச்சமிருந்ததையும் எடுத்துவிட்டார். நானே கேட்டதுதான். கோடை விடுமுறையில் ஆரம்பித்தது, வட்டம் வட்டமாக விழுந்து, கடைசியில் காதோரம் கொஞ்சம், பிடரியில் கொஞ்சம் என்று நின்றது. அதை வாரி, மேலே சவுரி வைத்து, ஊசி குத்தி, காற்றடித்தால் கையால் பிடித்துக்கொண்டு... போதுமடா சாமி. இழுப்புக்கு ஒரு தடவை இவர் கேட்டார். "வலிக்குதா சுதா? வலிக்குதா?" வெட்டினால் முடிக்கு வலிக்குமா? உயிரியல் டீச்சரைக் கட்டி இத்தனை வருஷம், இது தெரியவில்லை. முடிந்ததும் மொட்டை மாடிக்குப் போய்விட்டார். அழுதிருப்பார். நான் அழவில்லை. கூடத்தைப் பெருக்கினேன்.

இன்று காட்டன் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கு. தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை வரை ரயிலில் வாய்க்குள்ளேயே ஒத்திகை. "இது அலோபீசியா ஏரியேட்டா. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குவது. ஒட்டாது." மூன்று வாக்கியம். சுருக்கம், தெளிவு.

கேட்டில் வாட்ச்மேன் எழுந்து நின்றார். "இன்னா மேடம், திருப்பதியா? கோவிந்தா, கோவிந்தா!" கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டார்.

என் மூன்று வாக்கியமும் எங்கே போனதோ. தலையாட்டினேன். ஆமாம் என்று தலையாட்டினேன்!

நான் ஸ்டாஃப் ரூமுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது. தமிழ் டீச்சர் மல்லிகா, "சொல்லவே இல்ல பாத்தீங்களா! லட்டு எங்க?" என்றாள். நாளைக்கு என்றேன். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் போன மாதம் சவுரி நழுவியபோது பின்பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. இன்று ஒரு பிள்ளை சிரிக்கவில்லை. அதே தலைதான். சாமிக்குக் கொடுத்தது என்றால் மரியாதை. தானாகப் போனது என்றால் சிரிப்பு. வயிற்றெரிச்சலாக இருந்தது. சௌகரியமாகவும் இருந்தது.

ஆக. 26, செவ்வாய்

எதிர்வீட்டுக்காரர்கள் நிஜமாகவே திருப்பதி போய்வந்து கொடுத்த லட்டை உதிர்த்து, டப்பாவில் போட்டு, ஸ்டாஃப் ரூமில் விநியோகம். எச்.எம். கண்களில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார். என் பங்கைத் தாளில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வேலை: பத்தாம் வகுப்பு விடைத்தாள். கேஸ் புக் செய்ய. புருவப் பென்சில் வாங்க (இடது புருவம் பாதி போயாச்சு).

இதுவரை எனக்குச் சொல்லப்பட்ட வைத்தியங்கள்: சின்ன வெங்காயம் தேய்க்க. (தேய்த்தேன். "அம்மா, பக்கத்துல வந்தா சாம்பார் வாசனைம்மா" என்றாள் நித்யா. பெற்ற மகள்.) பூண்டு. (புண்.) ஊமத்தை இலைச்சாறு. (விஷச்செடி என்று வகுப்பில் நானே சொல்லிக்கொடுப்பது.) வைத்தியம் சொன்ன அத்தனை பேரும் கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள்: "புழுவெட்டுனா... புழு உள்ளயே இருக்குமா?"

ஆக. 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. லீவு. கொழுக்கட்டை மாவு விண்டுபோய்விட்டது. எருக்கம்பூ மாலை கேம்ப் ரோட்டில் யானை விலை.

நாத்தனார் வசந்தா பல்லாவரத்திலிருந்து வந்தாள். விஷயம் கொழுக்கட்டை இல்லை. ஞாயிற்றுக்கிழமை நித்யாவைப் பார்க்க பிரபு வீட்டார் வருகிறார்கள். நித்யாவும் பிரபுவும் நாவலூரில் ஒரே ஆபீஸ், பழகி இரண்டு வருஷம். பிரபு வீட்டார் பள்ளிக்கரணையின் பழைய குடும்பம். நிலத்தை விற்று இப்போது கம்பி, சிமெண்ட் வியாபாரம், வாடகைக்கு வீடுகள். பிரபுவின் அம்மாவுக்குத்தான் இதில் மனமே இல்லையாம். "படிச்ச வூட்டுப் பொண்ணு, நம்மள எங்க மதிக்கப்போவுது" என்று முதல் நாளிலிருந்து.

வசந்தா சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. ஸ்கூல்ல சொன்னதையே அவங்ககிட்டயும் சொல்லிடுங்க. திருப்பதின்னு. புழுவெட்டுன்னு தெரிஞ்சா அடுத்த கேள்வி பொண்ணுக்கும் வருமான்னுதான்."

"நான் யாருக்கும் எதுவும் சொல்லலையே. அவங்களா நெனச்சுக்கிட்டாங்க."

"அதேதான். இவங்களும் நெனச்சுக்கட்டும்."

பிரபுவுக்கு உண்மை தெரியுமாம், நித்யா முதலிலேயே சொல்லிவிட்டாளாம். அவனும் வீட்டில் வாய் திறக்கவில்லை. "எங்கம்மாவுக்கு ஒட்டிக்கும்னு பயம் வந்துடும்" என்றானாம். ஆக, எல்லாருமாகச் சேர்ந்து என் தலைக்கு ஒரு முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆக. 28, வியாழன்

பள்ளி முடிந்து சேலையூரில் தோல் டாக்டர். சின்னப் பெண், என் மாணவி வயசு. தலையில் ஊசி, வரிசையாக. பல்லைக் கடித்துக்கொண்டேன். இந்த வலிக்கு "வலிக்குதா சுதா" என்று கேட்க இவர் பக்கத்தில் இல்லை, வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"மறுபடி வளருமா டாக்டர்?"

"வளரலாம் மேடம். மொத்தமா கொட்டினவங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். ஆனா வளரவே வளராதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

"பொண்ணுக்கு?"

"ஃபேமிலில இருந்தா வாய்ப்பு கொஞ்சம் கூட. வராமலே போகலாம். அதுக்கு மேல யாராலயும் சொல்ல முடியாது."

வெளியே காத்திருந்த ஒருத்தர் தன் மனைவியிடம், "இவங்க நேர்த்திக்கடன் போல, பாவம், எதுக்கு வந்திருக்காங்களோ" என்றார். பக்கத்தில் நின்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்து அந்த வார்த்தையைத் தேடிப் பார்த்தேன். அலோபீசியா, கிரேக்கமாம். நரியிலிருந்து வந்தது. நரிக்குச் சொறி வந்து முடி உதிர்வதைப் பார்த்து வைத்த பேர். நம்மவர்கள் புழு என்றார்கள், அவர்கள் நரி என்றார்கள். மனுஷிக்கு வந்ததற்கு மனுஷப் பேர் வைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஒரு விதத்தில் புழுவெட்டுதான் மேல். சொன்னதும் எல்லாருக்கும் புரிகிறது. புரிகிறதே, அதுதான் கஷ்டமும்.

ஆக. 31, ஞாயிறு

வந்து போய்விட்டார்கள். இன்னும் டம்ளர்களைக் கழுவவில்லை. முதலில் எழுதிவிடுகிறேன்.

பிரபுவின் அம்மா கஸ்தூரி. வாட்டசாட்டமான பெண், உரத்த குரல். இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல், கை பருமன், அதில் கனகாம்பரம். என்னை அறியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பசித்தவள் இலையைப் பார்ப்பது மாதிரி.

அவர் என் துப்பட்டாவைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் வசந்தா, "அண்ணி இப்பதான் திருப்பதி போய்ட்டு வந்தாங்க."

"முழுசாவா குட்த்தீங்க டீச்சர்? எங்க வூட்டுப் பொம்பளைங்க பூமுடிதான் குடுப்போம், நுனியில மூணு விரல் அளவுக்கு. இன்னா வேண்டுதல்?"

"பொண்ணுக்கு நல்ல எடத்துல கல்யாணம் ஆகணும்னு." இதுவும் வசந்தாவே.

அந்த அம்மாள் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. "தலைமுடியவே குட்த்துட்டு வந்துகிறியேம்மா. நான் இன்னான்னவோ நெனச்சிகினு இருந்தேன்." அவர் வீட்டுக்காரர், "பெத்தவன்னா இப்டி இருக்கணும்" என்றார். நித்யா தரையைப் பார்த்தாள். பிரபு ஜன்னலைப் பார்த்தான். இவர் பஜ்ஜித் தட்டை எடுத்து இல்லாத ஆளுக்கு நீட்டினார்.

ஐப்பசியில் நிச்சயம் என்று பேச்சு. நித்யாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! குழந்தையில் ரிப்பன் கட்டிவிட்டால் ஒரு சிரிப்புச் சிரிப்பாள், அந்தச் சிரிப்பு. அதைப் பார்த்த பிறகு நான் எதைச் சொல்ல?

செப். 3, புதன்

மதியம் இடி, மழை. ஜிஎஸ்டி ரோட்டில் கணுக்கால் தண்ணீர்.

ஒன்பது பி. மழையில் நனைந்து போனதில் புருவப் பென்சில் கரைந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. முன்பெஞ்சு ஆர்த்தி, நல்ல பெண், கள்ளமில்லாமல் கேட்டாள்: "மிஸ், புருவம்கூட சாமிக்குக் குடுக்கணுமா?"

"புத்தகத்தைப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். அவள் கண் கலங்கிவிட்டது. கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழில். சரியாகப் பார்த்து, சரியாகக் கேட்டவளுக்கு இன்று கிடைத்தது திட்டு. வெட்கமாக இருக்கிறது.

செப். 9, செவ்வாய்

தோசை கருகியது. காரணம் கீழே.

காலை அவசரத்தில் கஸ்தூரி அம்மாவின் போன். "டீச்சர், சந்தோசமான விசயம். நானும் குடுக்கப்போறேன்."

"என்னதுங்க?"

"முடிதான்! முழுசா. புரட்டாசி மொத சனிக்கெழம. உங்களப் பாத்துதான் எனக்குப் புத்தியே வந்துச்சு. நீங்க பொண்ணுக்குக் குட்த்தீங்க, நான் புள்ளைக்குக் குடுக்க வாணாவா? வேண்டிகினேன், மஞ்சத்துணியில காசும் முடிஞ்சி வெச்சிட்டேன்."

கரண்டியோடு அப்படியே நின்றேன். அந்தப் பின்னல். என் பொய்யைப் பார்த்து அந்தப் பின்னல்.

"அவசரப்படாதீங்க" என்றேன். "பூமுடியே போதும்" என்றேன். "நீங்க மட்டும் முழுசா குட்த்துகினு எனக்கு மூணு விரலா?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

செப். 11, வியாழன்

வீட்டில் மாநாடு. வசந்தா ஸ்பீக்கர் போனில்.

வ.: "குடுக்கட்டுமே அண்ணி. சாமிக்குத்தானே. புண்ணியம் அவங்களுக்கு. அவங்களுக்குத்தான் மறுபடி வளந்துடுமே."

இவர்: "கல்யாணம் முடியட்டும், அப்புறம் பொறுமையா சொல்லிக்கலாம்." இவருக்கு எல்லாமே அப்புறம்தான்.

எனக்கு வந்ததே கோபம். எனக்கு முடி போனபோது என்னைக் கேட்டுக்கொண்டு போகவில்லை. அந்த அம்மாள் தானாகக் கொடுக்கிறாள், அதுவும் நான் சொன்ன பொய்யை நம்பி. நாளைக்கு மழித்த தலையோடு என் எதிரே உட்கார்ந்து, "உங்களுக்கு ஏன் இன்னும் வளரல டீச்சர்" என்று கேட்டால்? பேன் பிடித்தவள்போலத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பதா?

நித்யா கத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "சொல்லிடும்மா. சொல்லித்தான் ஆகணும். ஆனா அவங்க வேண்டாம்னுட்டா நான் என்னம்மா பண்றது?" என்றாள். "பிரபு அவங்கம்மா பேச்சைத் தாண்ட மாட்டான்மா."

அவள் அறைப் பக்கம் போனபோது கதவு பாதி திறந்திருந்தது. போனைத் தலைக்குப் பின்னால் பிடித்துப் படம் எடுத்து, வகிடு வகிடாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாக இப்படிப் பார்க்கிறாளோ. என்னிடம் கேட்கவில்லை. நான் இத்தனை நாள் என் தலையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

செப். 13, சனி

தனியாகப் போனேன். இவர் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். மேடவாக்கத்தில் பஸ் மாறி பள்ளிக்கரணை. சதுப்பு நிலத்தின் பக்கம் நாரைகள். பக்கத்திலேயே குப்பை எரியும் நெடி. மூன்று மாடி வீடு, கீழே கம்பிக் கட்டுகள்.

கஸ்தூரி அம்மா தலைக்கு எண்ணெய் வைத்து, முடியை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கடைசி எண்ணெய்க் குளியலாம். "வா டீச்சர், காபி குடி" என்று எழுந்தார். காபி வந்தால் பேச முடியாது என்று, நின்றபடியே துப்பட்டாவை அவிழ்த்துவிட்டேன்.

"இது சாமிக்குக் குடுத்தது இல்லைங்க. தானா கொட்டிடுச்சு. புழுவெட்டு."

பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மழித்த தலைக்கும் இதற்கும் வித்தியாசம் கிட்டத்தில் தெரியும். மழித்த தலையில் முள்முள்ளாக வந்துவிடும். என்னுடையது காதோரமும் பிடரியும் தவிர வழவழ.

"ஒட்டுமா?"

"ஒட்டாது. புழுவும் இல்ல, பூச்சியும் இல்ல. பேருதான் அப்படி. உடம்பே தன் முடிய எதிரின்னு நெனச்சுக்குது."

"அப்ப அன்னிக்கி சொன்னது?"

"பொய். நான் சொல்லல, ஆனா மறுக்கல. அதுவும் பொய்தான்."

தொப்பென்று உட்கார்ந்தார். பிறகு முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு! அழுகையும்தான். "அய்யய்யோ, நாலு நாளா சோறு எறங்கல டீச்சர். கண்ணாடி முன்னாடி நின்னுகினு தடவித் தடவி அழுவுறேன். எனக்கா ஆச? என் ஓரகத்தி சொல்லிட்டா, பொண்ணப் பெத்தவ முழுசா குட்த்துட்டா, புள்ளயப் பெத்தவ நீ இன்னாத்த குட்த்தன்னு. ரோசத்துல வேண்டிகினேன்."

நானும் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. சட்டென்று முகம் மாறியது.

"படிச்சவங்கதானே நீங்க? இன்னாத்துக்கு எங்கிட்ட மறைச்சீங்க? நாங்க இன்னா, காட்டுல கீறோமா?"

மன்னிச்சிடுங்க என்றேன்.

"எம்புள்ளைக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். அதில்தான் முகம் அதிகம் வாடியது. விரித்த முடியைச் சுருட்டிக் கொண்டை போட்டார். அப்புறம் நான் பயந்த கேள்வி.

"பொண்ணுக்கு வருமா?"

வராது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும். நாக்கு நுனி வரை வந்தது. "வரலாம். வராமலும் போகலாம். எனக்குத் தெரியாதுங்க. டாக்டருக்கும் தெரியாது."

"வூட்ல பேசிட்டு சொல்றேன்."

கிளம்பும்போது குங்குமம் கொடுக்கவில்லை. மறந்தாரா, வேண்டாம் என்று விட்டாரா, பஸ் முழுக்க அதே யோசனை.

செப். 15, திங்கள்

போன் இல்லை. நித்யா என்னிடம் பேசுகிறாள், சோறு போதும், குழம்பு போதும், அவ்வளவு. பிரபு அவன் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறானாம். நித்யா சொல்லவில்லை, இவர் சொன்னார்.

இனி மறைத்து என்ன ஆக வேண்டும்? ஒன்பது பி-யில் ஆர்த்தியை எழுப்பி, அன்று நீ கேட்ட கேள்வி சரியான கேள்வி என்றேன். பலகையில் புழுவெட்டு என்று எழுதினேன். ஒரு பையன், "புழு எங்க மிஸ் இருக்கும்?" எங்கேயும் இல்லை என்று சொல்லி, அரை மணி நேரம் பாடம். நான் நடத்தியதிலேயே நல்ல பாடம் என்று நினைக்கிறேன். ஆர்த்தி படம் போட்டு வைத்துக்கொண்டாள்.

ஸ்டாஃப் ரூமிலும் சொன்னேன். ஒருத்தி தன் சாப்பாட்டு டப்பாவைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். பார்த்தேன். மல்லிகா மட்டும் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அப்ப அந்த லட்டு?"

"எதிர்வீட்டு லட்டு."

"லட்டு நெஜ திருப்பதி லட்டுதானே? விடுங்க."

பாவி, சிரிக்க வைத்துவிட்டாள்.

செப். 16, செவ்வாய்

போன் இல்லை. நித்யா சாப்பிடாமல் ஆபீஸ் போனாள். நான் சொன்னது சரிதான். சரி என்று தெரிந்தும் பத்து தடவை போனை எடுத்துப் பார்த்தாயிற்று. வேறொரு அம்மாவாக இருந்தால் மகளுக்காக வாயை மூடிக்கொண்டிருப்பாளோ?

வசந்தா: "சொல்லாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

செப். 17, புதன்

புரட்டாசி பிறந்தது. வாசலில் தெளித்த தண்ணீர் காய்வதற்குள் தூறல். ஜலதோஷம், இன்று லீவு போட்டுவிட்டேன். ரசம் மட்டும்.

இப்போதுதான், பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, போன்.

"டீச்சர், சனிக்கெழம போறேன். வேண்டிகினதுக்கு பூமுடி குட்த்துட்டு வந்துடறேன். மூணு விரல் போதும்னு பெருமாள்கிட்ட சொல்லிட்டேன், அவரு ஒத்துகினாரு."

சரிங்க என்றேன்.

"நிச்சயத்துக்கு நாலு பேரு வருவாங்க. உன் தலையப் பாத்து கேப்பாங்க. நான் இன்னான்னு சொல்லட்டும்? இங்கிலீசு பேரு வாயில வரல."

"புழுவெட்டுன்னே சொல்லுங்க. ஒட்டாதுன்னும் சேத்துச் சொல்லுங்க."

போனை மூடாமலேயே உள்பக்கம் பார்த்துக் கத்தினார்: "யோவ், இன்னா பண்ற? சம்மந்தியம்மாவுக்குப் புழுவெட்டுதானாம். எவனாச்சும் கேட்டா எங்கிட்ட அனுப்பு, நான் பேசிக்கிறேன். நீ ஐப்பசில நல்ல நாளு பாரு."

ரசத்தை இறக்கி வைத்தேன். அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் அவர் குரல் இறங்கியது, அந்த உரத்த குரலுக்கு அவ்வளவு இறங்கத் தெரியும் என்றே நான் நினைக்கவில்லை.

"பொண்ணுக்கு வந்தாலும் வரலாம்னு சொன்னியே டீச்சர். நாலு நாளா அதத்தான் யோசிச்சிகினு இருந்தேன். வந்தா வரட்டும். எம்முடி இவ்ளோ கீதே, அறுத்து அவளுக்கே சவுரி கட்டிக் குடுத்துர்றேன். அதுக்குத்தான் சாமிக்குக்கூட முழுசா குடுக்காம வெச்சிகினு கீறேன்னு அவகிட்ட சொல்லு."

நித்யா வர ஏழு மணியாகும். அதுவரை என்னால் முடியாது. ஆபீஸுக்கே போன் போடுகிறேன்.